சன்னலில் இருந்த தம்ளர்

தீர்மானம் எழுதுவதில் என்னை மிஞ்ச ஆளில்லை என்ற திமிர் அந்த வயதில் எனக்கு நிறையவே இருந்தது. அதைத் தட்டி இறக்கியவர் எங்கள் அலுவலகத்து டைப்பிஸ்ட். அவருக்கு இன்றைக்கும் நன்றியோடு இருக்கிறேன்.

எண்பதுகளின் நடுவில் திருவண்ணாமலையில் ஓர் அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தேன். பணியாளர் சங்கக் கிளைக்குச் செயலாளரும் நானே. தென்னாப்பிரிக்காவில் கறுப்பின மக்களை நடத்தும் விதத்தைக் கண்டித்துத் தீர்மானம் போட்டு டெல்லிக்கு அனுப்புவதென்று முடிவானது. இரண்டு நாள் உட்கார்ந்து எழுதினேன். தனி பஸ், தனிக் குழாய், தனி பெஞ்சு என்று அடுக்கிவிட்டு, 'இந்த இழிவை எங்கள் நெஞ்சம் பொறுக்காது' என்று முடித்திருந்தேன். எனக்கே புல்லரித்தது.

டைப்பிஸ்ட் அடி அண்ணாமலைப் பக்கத்துக் காலனியிலிருந்து பஸ்ஸில் வருவார். தாழ்த்தப்பட்ட சாதியிலிருந்து எங்கள் அலுவலகத்துக்கு வந்தவர் அவர் ஒருவர்தான். நகலெடுப்பதற்கான ஸ்டென்சில் தாளில் பாதி அடித்ததும் என் மேஜைக்கு வந்தார்.

"சார், ஒரு வரி சேத்துக்கட்டுங்களா?"

"என்ன வரிம்மா?"

"தனித் தம்ளர்னு."

"அங்க அப்படி இருக்குதான்னு தெரியலையே. பேப்பர்ல வரலையே."

"இங்க இருக்குதுங்களே சார்" என்று சன்னலைப் பார்த்தார்.

அங்கே ஓர் எனாமல் தம்ளர் கவிழ்ந்திருந்தது. எங்களுக்கெல்லாம் தட்டில் கண்ணாடி கிளாஸில் டீ வரும். அவருக்கு மட்டும் பியூன் கெட்டிலைத் தூக்கிப் பிடித்து அந்தத் தம்ளரில் ஊற்றுவார். ஆறு வருஷமாக, தினம் இரண்டு வேளை. முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பார்கள். நாங்கள் மறைக்கக்கூட இல்லை, சன்னலில் வைத்திருந்தோம். வெட்கமாக இருந்தது.

"கூட்டம் முடியட்டும், அப்புறம் பேசலாம்" என்றேன். கோழைத்தனம்தான்.

"ஸ்டென்சில் இன்னும் மெஷின்லதான் இருக்குதுங்க" என்றார். வேலைக்கே உலை வைத்துக்கொள்கிறோமோ என்ற பயம் முகத்தில் தெரிந்தது. ஆனாலும் நகரவில்லை.

"அடிச்சிடுங்க" என்றேன்.

மாலைக் கூட்டத்தில் அந்த வரியையும் சேர்த்துப் படித்தேன்: 'எங்கள் அலுவலகத்திலும் ஒரு தனித் தம்ளர் இருக்கிறது. அதை இன்றோடு நிறுத்துகிறோம்.' தலைமைக் குமாஸ்தா எழுந்தார்.

"உலக விஷயத்துல ஆபீஸ் விஷயத்த எதுக்குப்பா இழுக்கற? அந்தம்மாவே ஒண்ணும் கேக்கலையே."

கடைசி வரிசையிலிருந்து டைப்பிஸ்ட் எழுந்தார். "இப்ப கேக்கறேங்க, சார்."

தலைமைக் குமாஸ்தா உட்கார்ந்துவிட்டார். தயங்கித் தயங்கிக் கைகள் உயர்ந்தன. அவர் கை மட்டும் உயரவில்லை. பிறகு டீ வந்தது. பழக்கத்தில் சன்னல் பக்கம் போகப் பார்த்த பியூனை நிறுத்தி, டைப்பிஸ்ட் தட்டிலிருந்து ஒரு கிளாஸை எடுத்துக்கொண்டார்.

தீர்மானம் டெல்லிக்குப் போனது. பதில் வரவில்லை. கடல் தாண்டி அதனால் யாருக்கு என்ன ஆயிற்றோ, தெரியாது. அந்த ஒரு வரி இல்லாவிட்டால் ஊருக்கு உபதேசம் செய்தே நான் ரிடையர் ஆகியிருப்பேன்.

மறுநாள் அந்த எனாமல் தம்ளர் டைப்பிஸ்டின் மேஜைக்கு வந்திருந்தது, நிறைய குண்டூசியோடு. ஆபீஸில் யாருக்குக் குண்டூசி வேண்டுமானாலும் அதற்குள் கைவிட்டுத்தான் எடுக்க வேண்டும். தலைமைக் குமாஸ்தா ஒரு வாரம் காகிதங்களின் முனையை மடித்தே சமாளித்துப் பார்த்தார். எட்டாம் நாள் அவரும் வந்து கையை விட்டார்.