சேஷனின் ஒப்பு

சேஷனுடைய கையெழுத்து அழகானது. முதல் எழுத்தின் வால் கீழே இறங்கி, பெயர் முழுவதற்கும் அடிக்கோடாக ஓடி, இரண்டு புள்ளியில் முடியும். திருவனந்தபுரத்தில் கையெழுத்துக்கு ஒப்பு என்று பெயர். மலையாளச் சொல்தான், ஆனால் சேஷன் குடியிருக்கும் ஸ்ரீவராகத்துத் தமிழ் வீடுகளிலும் அதுவே புழக்கம். ஒப்பு போட்டாச்சா என்று கேட்பார்கள். போட்டவர் மனசு ஒப்பியதா என்று யாரும் கேட்பதில்லை.

கழக்கூட்டம் பக்கத்தில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேஷன் புராஜெக்ட் மேனேஜர். 2001-இல் மஸ்கட் ஆஸ்பத்திரி ஒன்றின் வேலைகளையெல்லாம் கம்ப்யூட்டருக்கு மாற்றிக் கொடுக்கும் பணி வந்தது. பதினோரு மாதம். மேனேஜர் என்று பெயர் சேஷனுக்கு. வேலையை இழுத்துக்கொண்டு போனவள் ரெம்யா. பாறசாலையிலிருந்து தினம் இரண்டு பஸ் மாறி வரும் பெண். எதை எந்தத் தேதிக்குள் யார் முடிப்பது, மஸ்கட்காரர்கள் நடுவில் மாற்றம் கேட்டால் எத்தனை நாள் தள்ளிப்போகும், எல்லாம் அவள் போட்ட அட்டவணைதான். சேஷனுக்குச் சண்டை சச்சரவு ஆகாது. புரோகிராமர்கள் முறைத்துக்கொண்டால் கேன்டீனுக்கு எழுந்து போய்விடுவார். அவள் எழுதித் தரும் மெயிலைத் தம் பெயரில் அனுப்புவார். உலகத்தில் பாதி மேனேஜர்கள் அப்படித்தான் இருக்கிறார்கள்.

2003-இல் கம்பெனி ஒரு சுற்றறிக்கை விட்டது. இனிமேல் பி.எம்.பி. சான்றிதழ் இருப்பவர்களுக்குத்தான் மேனேஜர் பதவி. இருக்கிற மேனேஜர்களும் சீக்கிரம் வாங்கிவிட வேண்டும். புராஜெக்ட் நடத்துகிறவர்களுக்கென்று அமெரிக்காவிலிருந்து வருகிற சான்றிதழ். பரீட்சைக்கு உட்காருவதற்கே, இத்தனை ஆயிரம் மணி நேரம் புராஜெக்ட் நடத்தியிருக்கிறேன் என்று எழுதிக் கொடுக்க வேண்டும். சேஷன் தடிப் புத்தகம் ஒன்றை வாங்கி வந்து பிரவுன் அட்டை போட்டார். அத்தோடு சரி.

"பரீட்சைக்கு எப்போ உக்காரப் போறேள்? அட்டையே பழசாயிடுத்து" என்று மனைவி விஜயம் கேட்பாள்.

"பார்ப்போம்" என்பார்.

ரெம்யா பார்த்துக்கொண்டிருக்கவில்லை, விண்ணப்பித்தாள். சில விண்ணப்பங்களைச் சோதனைக்கு எடுப்பார்கள். அவளுடையது அதில் மாட்டியது. அவள் எழுதியிருப்பதை மேலதிகாரி படித்து, சரியென்று ஒப்பு போட்டு, உறையில் வைத்து ஒட்டி, ஒட்டிய இடத்தின் மேலும் ஒப்பு போட்டுத் தர வேண்டும். அவள் அதைப் பிரிக்காமல் அனுப்ப வேண்டும்.

"சாரே, மூணு பக்கம் உண்டு. படிச்சிட்டு ஒரு ஒப்பு போட்டா மதி, அது போதும்."

"வச்சுட்டுப் போம்மா. நாளைக்குத் தரேன்."

மஸ்கட் வேலையைத் 'தலைமையேற்று நடத்தினேன்' என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தாள். சேஷனுக்குச் சுருக்கென்றது. அப்படியானால் நான் யார், ஒப்புக்குச் சப்பாணியா? அதுதான் உண்மை என்பதால்தான் அவ்வளவு குத்தியது. இவள் மேனேஜராகி, அட்டை போட்ட புத்தகத்தோடு தாம் அவளுக்குக் கீழே உட்கார்ந்திருப்பதை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். பேனாவை எடுத்தார். ஒரே கோடு. 'தலைமையேற்று நடத்தினேன்' என்பதை அடித்துவிட்டு 'உதவினேன்' என்று மேலே எழுதினார். ஃபைலில் மேனேஜர் நான்தானே, உள்ளதைத்தானே எழுதுகிறேன் என்று தமக்குத் தாமே வக்காலத்து வாங்கிக்கொண்டார். பிறகு அழகாக இரண்டு ஒப்பு.

"வலிய உபகாரம் சாரே" என்று உறையை வாங்கிக்கொண்டாள் ரெம்யா. உள்ளே என்ன இருக்கிறது என்று தெரியாமல், கிழக்கேகோட்டைக் கூரியர் கடைக்கு அவளே கொண்டுபோய் அனுப்பினாள்.

ஒன்றரை மாதத்தில் பதில் வந்தது. அனுபவம் போதாதாம்.

"எனக்க இங்கிலீஷ் செரியில்ல போல சாரே. எழுதத் தெரியேல்ல" என்றாள்.

சேஷன் வாயைத் திறந்தார். "அடுத்த தடவை பார்க்கலாம்மா" என்றுதான் வந்தது. அடுத்த தடவை வரவில்லை. அவளுக்கு வரவேண்டிய மேனேஜர் நாற்காலி வேறொருவருக்குப் போயிற்று. ரெம்யா பெங்களூரில் ஒரு சின்ன வேலைக்கு மாறிப் போனாள். போகிற அன்று எல்லோருக்கும் லட்டு கொடுத்தாள். சேஷன் தம்முடையதை மேஜை டிராயரில் வைத்து மூடிவிட்டார். நாளாக ஆக மறந்துவிடும் என்று நினைத்தார், மறக்கவில்லை.

2007-இல் கம்பெனி அவர் கழுத்தைப் பிடித்தது. மார்ச்சுக்குள் சான்றிதழ் இல்லையென்றால் டீமைப் பிரித்து வேறு ஆளிடம் கொடுத்துவிடுவார்கள். விண்ணப்பித்தார். மஸ்கட் வேலையைத் தலைமையேற்று நடத்தியதாகத்தான் அவரும் எழுதினார். சொல்லிக்கொள்ள வேறொன்றும் பெரிதாக இல்லை. அவருடையதும் சோதனைக்கு மாட்டியது. அவருக்கு மேலே இருந்தவர் காலமாகியிருந்தார். அந்த வேலையை நேரில் அறிந்த சக ஊழியர் ஒப்பு போட்டாலும் போதும் என்றார்கள். தொடர்பில் மிஞ்சியிருந்தது ரெம்யா ஒருத்திதான்.

விண்ணப்பத்தைப் பெங்களூருக்கு அவளுக்கு அனுப்பிய எட்டாம் நாள் உறை திரும்பி வந்தது, ஒட்டி, மேலே அவள் ஒப்போடு. பிரிக்கக் கூடாது. ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார், ஒன்றும் தெரியவில்லை. நான் செய்ததை அவளும் செய்திருந்தால் என்று பயந்தார். செய்திருக்கக் கூடாதா என்றும் இருந்தது. பொறுக்க முடியாமல் போன் செய்தார்.

"ஒரு எழுத்தும் மாத்தேல்ல சாரே" என்றாள். "எனக்குத்தான் கிட்டேல்ல. சாருக்காவது கிட்டட்டு."

இப்போதாவது சொல்லிவிட வேண்டும். நாக்கு நுனி வரை வந்துவிட்டது.

"நன்னா இரும்மா" என்றார் சேஷன்.

போனை வைத்ததும் தம் முகத்திலேயே காறித் துப்ப வேண்டும் போலிருந்தது. ஆனால் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். வழக்கமாகப் போகும் கோயில் பக்கம் திரும்பாமல் நேரே கிழக்கேகோட்டை, அதே கூரியர் கடை. கவுண்டரில் இருந்த பெண் உறையை வாங்கி எடை போட்டுவிட்டு ரசீதை அவர் பக்கம் தள்ளினாள்.

"சாரே, இவிடெ ஒரு ஒப்பு."

சேஷன் போட்டார். வால் பாதியிலேயே நின்றுபோயிற்று.