மாடி வைத்த குடிசை

முந்தாநாள், அழுதுகொண்டிருந்த ஒரு பெண்ணிடம் நான் சொல்லாராய்ச்சி செய்தேன். இப்படியும் ஒரு மனிதன் இருப்பானா? இருக்கிறானே... உங்கள் முன்னால்!

அழுதவர் ஜெசிந்தா. எங்கள் காம்பவுண்டில் கடைசி லைன் வீட்டுக்காரர். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். இங்கே பனியன் கம்பெனியில் பதினெட்டு வருஷமாக ஓவர்லாக் டெய்லர். ராப்பகலாகத் தைத்து, முதலிபாளையம் தாண்டி ஒன்றரை சென்ட் வாங்கி, ஒரு ரூம், ஒரு சமையல் மூலை, மேலே ஷீட்... வீடு கட்டி முடித்தேவிட்டார்! வருகிற ஞாயிற்றுக்கிழமை பங்குச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி வீட்டை மந்திரிக்கிறார். பிறகு பால் காய்ச்சு. கம்பெனியில் எல்லாரையும் கூப்பிடுவதாக ஏற்பாடு.

சந்தோஷம் தாங்காமல் ஊரில் இருக்கும் அண்ணனுக்கு வீடியோ காலில் வீட்டைச் சுற்றிக் காட்டியிருக்கிறார். வந்தது வினை.

"'என்னட்டி, குடிசை மாரி இருக்கு'ன்னு கேக்கான் சார். கம்பெனி ஆளுகளும் இதத்தான நெனப்பாங்க? நான் யாரையும் கூப்பிடல. நாங்களே பாலக் காய்ச்சிக் குடிச்சுக்கிடுதோம்."

நான் சும்மா இருந்திருக்கலாம். இந்த வாய் இருக்கிறதே... "குடிசைங்கிறது திட்டே இல்லம்மா. குடின்னா வீடு, குடின்னா வம்சம். அதுலேருந்துதான் குடிசை, குடில், குடும்பம், குடித்தனம்..."

"அதெல்லாம் புஸ்தகத்துல சார். யாராவது சொந்த வீட்டக் குடிசைன்னு பெருமையா சொல்லுவாங்களா?"

கேட்டாரே ஒரு கேள்வி!

அந்த நேரம் பார்த்து, தண்ணீர் மோட்டாரைப் பார்க்க வந்த காம்பவுண்ட் ஓனர் சரஸ்வதியக்கா எட்டிப் பார்த்தார். காங்கேயம் ரோட்டில் தோட்டம் துரவோடு இருப்பவர்.

"ஏனுங்க சார், அழுவற புள்ளகிட்டப் பாடம் நடத்தறீங்க?" என்று எனக்கு ஒரு குட்டு. பிறகு ஜெசிந்தாவிடம் திரும்பினார்.

"ஏங் கண்ணு, எங்கூடு எங்கன்னு கேட்டா நாங்க என்ன சொல்லுவோம்? 'சாளைல இருக்கறோம்'னுதான? சாளைன்னா என்ன? எங்க மாமனாரு ஓலை மேஞ்ச குடிசைங் கண்ணு! இப்ப மேல மாடி, கீழ டைல்ஸு, ரெண்டு காரு. இன்னமும் அது சாளைதான். பேர மாத்தோணும்னு ஒருத்தருக்கும் தோணுல."

உண்மைதான். இந்தப் பக்கத்துத் தோட்டத்து வீடெல்லாம் சாளைதான். பாடசாலை, தொழிற்சாலையில் வருகிற 'சாலை'தான் இப்படி ஆனது என்பார்கள். லிஃப்ட் இல்லாத ஃபிளாட்டுக்கெல்லாம் 'பேலஸ்' என்று போர்டு மாட்டுகிறோம் நாம். இவர்களோ மாடி கட்டிய பிறகும் குடிசையின் பெயரை விடவில்லை. என்ன மனசு!

ஜெசிந்தா மூக்கை உறிஞ்சினார். "அக்கா, நீங்க ஞாயித்துக்கெழம வருவீங்களா?"

"கூப்படாம எப்புடி வர்றது? கூப்புடு, மொத ஆளா வர்றேன்."

முகத்தைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாரே ஜெசிந்தா!

"அண்ணே, ஞாயித்துக்கெழம நம்ம குடிசைக்குப் பால் காய்ச்சுதோம். கம்பெனி ஆளுக எல்லாம் வாராங்க. நீயும் வந்துரு. வாசல் நெல கொஞ்சம் தாழ்வு... தலையக் குனிஞ்சு வா!"

நானும் குனிந்துதான் நுழையப் போகிறேன். நிலை எவ்வளவு உயரமாக இருந்தாலும் சரி!