மெஷினுக்கு மூச்சு முட்டியபோது

விநாயகர் சதுர்த்தி முடிந்த ஐந்தாம் நாள், எங்கள் வீட்டு வாக்யூம் கிளீனர் ஒரு கொழுக்கட்டை போட்டது.

சிரிக்காதீர்கள். முழுசாகக் கேளுங்கள்.

என் மனைவி ராஜிக்கு வீசிங் உண்டு. தூசி பட்டால் மார்புக்குள் யாரோ விசில் ஊத ஆரம்பித்துவிடுவார்கள். ‘வீட்டில் துடைப்பமே கூடாது’ என்று டாக்டர் சொன்னதால் வந்தது அந்த மெஷின். மூன்று வருஷமாக எங்கள் வீட்டில் அதற்கு எனக்கு அடுத்த இடம். சரி... எனக்கு முந்தைய இடம்.

சதுர்த்தியன்று பூஜை அறையில் அரிசி மாவில் பெரிய கோலம். மறுநாள் காலை பார்த்தால் எறும்புப் படை. ஜன்னல் வழியே சாரல் அடித்து, தரையெல்லாம் வேறு ஈரம். எங்கள் பகுதியான ஸ்ரீவராகத்தில் மற்ற வீடுகளில் இதை ஒரு பழைய துணியால் துடைத்துவிட்டுப் போவார்கள். எனக்கு மட்டும் விஞ்ஞானம் உதித்தது. மெஷினை எடுத்தேன். கோலம், எறும்பு, ஈரம் – எல்லாம் ஒரே உறிஞ்சில் காலி!

அடுத்த நாள் மெஷின் கத்தியது. ஆனால் ஒரு தலைமுடியைக்கூட இழுக்கவில்லை. கொஞ்ச நேரத்தில் சூடாகி, தானே நின்றுவிட்டது.

“கேட்டேளா, தோசை மாவு புளிச்ச நாத்தம் எங்கேர்ந்தோ வரது” என்றாள் ராஜி.

நான் கேட்காதவன் மாதிரி பேப்பரைப் புரட்டினேன்.

மறுநாளே ராஜியின் மார்புக்குள் விசில் ஆரம்பித்துவிட்டது. நாலு படி ஏறினாள், உட்கார்ந்துவிட்டாள். கையில் இன்ஹேலர். என்னைத் திட்டவில்லை. திட்ட மூச்சு இல்லை. அது எவ்வளவு பயங்கரம் என்பது கல்யாணமானவர்களுக்குப் புரியும்.

சர்வீஸ் சென்டருக்கு போன் போட்டேன். “ஒரு பத்து திவசம் எடுக்கும், சாரே” என்றார்கள் மலையாளத்தில், மிகுந்த அன்போடு. பத்து நாளா? அலமாரி அலமாரியாகப் புத்தகம் படித்தவன், ஒரு டப்பாவைத் திறக்க முடியாதா? வீடியோ பார்த்து எட்டு ஸ்க்ரூவைக் கழற்றினேன். மோட்டாரைத் தரிசித்தேன். ஒன்றும் புரியாமல் மூடினேன். ஏழு ஸ்க்ரூ போட்டதும் வேலை முடிந்துவிட்டது. எட்டாவது என் உள்ளங்கையில் மினுங்கியது.

பிளக்கைச் செருகி ஸ்விட்சைப் போட்டேன். அதே கத்தல்.

“சாரே, ஆஃப் பண்ணுங்க! அது மூச்சு முட்டிக் கெடக்கு!”

குரல் வாசலிலிருந்து வந்தது. செல்வி, தலையை ஒரு பக்கம் சாய்த்துக் காது கொடுத்தபடி. காலையில் ரயிலடிப் பக்கம் தம்பானூரில் ஒரு லாட்ஜில் அறைகளைச் சுத்தம் செய்கிறவர். மதியத்துக்கு மேல் எங்கள் வீட்டு வேலை. பண்டிகைக்குத் தென்காசிப் பக்கம் சொந்த ஊருக்குப் போய்விட்டு அப்போதுதான் வருகிறார். இன்னும் செருப்பைக்கூடக் கழற்றவில்லை. மெஷினைக் கண்ணால் பார்க்கவில்லை.

“பார்க்காமலே எப்படித் தெரிஞ்சுது?”

“முப்பது ரூமுக்கு ஒத்த மெஷினு சார் எங்களுக்கு. நல்லா இழுத்தா கனத்த கொரல்ல பாடும். அடைச்சா கீச்சுன்னு ஏறும். இது அழுவுதுல்லா!”

ஹோஸைக் கழற்றிவிட்டு, ஸ்விட்சை ஒரு நொடி மட்டும் போட்டு, மெஷினின் வாயில் உள்ளங்கையை வைத்தார். நாடி பார்ப்பது போல இருந்தது. “இங்கயும் இழுவை இல்ல. ஃபில்டரு.” திறந்தார். ஃபில்டர் இருந்த இடத்தில் வெள்ளையாய் ஓர் அடை.

“என்ன சார், மாவு மில்லா நடத்துதீய? இதக் கழுவி எத்தன மாசமாச்சு?”

கழுவ வேண்டும் என்பதே எனக்குப் புதுச் செய்தி.

பிறகு ஹோஸைத் தூக்கிப் பிடித்து ஒரு சின்ன வெங்காயத்தை மேலே போட்டார். கீழே கையேந்தி நின்றேன். வெங்காயம் வரவில்லை. “அப்ப இதுலயும் அடைப்பு.” ஹோஸைத் துணிக்கொடியில் தொங்கவிட்டு, பால் கறப்பது போல மேலிருந்து கீழே உருவினார், தட்டினார், மறுபடி உருவினார்.

தொப்!

உருண்டையாக, வெள்ளையாக, எறும்போடு. பின்னாலேயே வெங்காயம்.

ராஜி எட்டிப் பார்த்தாள். “பூர்ணம் வெச்சிருக்கேளா?” என்று சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே இருமலாகிவிட்டது. செல்வி ஃபில்டரை எடுத்துக்கொண்டு குழாயடிக்கு நடந்தார்.

ஃபில்டரைக் கழுவியாயிற்று. நான் ஹேர் டிரையரோடு ஓடிவந்தேன்.

“சூடு காட்டினா சுருங்கிரும். ஈரத்தோட மாட்டினா மோட்டாரு போயிரும்.”

இந்த மழையில் எங்கள் ஊரில் ஒரு கர்சீப் காய மூன்று நாளாகும். செல்வி நேரே போய் எங்கள் பழைய ஃபிரிட்ஜுக்குப் பின்னால் ஃபில்டரைச் சாய்த்து வைத்தார். கையை வைத்துப் பார்த்தேன். இதமாக வெதுவெதுவென்று இருந்தது. முன்பக்கம் திறந்து திருட்டுத்தனமாக இனிப்புத் தின்பதைத் தவிர, அந்த ஃபிரிட்ஜைப் பற்றி எனக்கு எதுவுமே தெரியாது.

“ரெண்டு நாளு. எடுத்து எடுத்துப் பாக்கப்பிடாது, கேட்டியளா?”

பதினோரு தடவை எடுத்துப் பார்த்தேன். அது காயும்வரை செல்விதான் ஈரத்துணியால் வீடு முழுக்கத் துடைத்தார்.

மூன்றாம் நாள் ஃபில்டரை மாட்டி ஸ்விட்சைப் போட்டார். கனத்த குரல்! கால்மிதி அப்படியே எழும்பி வந்து ஒட்டிக்கொண்டது. எனக்குப் புல்லரித்தது. ராக்கெட் விட்ட ஊர் எங்களுடையது. நானும் அண்ணாந்து பார்த்திருக்கிறேன். அப்போதுகூட இப்படி வாய் பிளந்ததில்லை. மெஷினுக்கு மூச்சு முட்டுகிறது என்பதை வாசலில் நின்றபடி காதால் கண்டுபிடிப்பதை எந்தப் படிப்பில் சேர்ப்பது?

ஒரு வாரம் போனது. மத்தியானம் ராஜி தூங்கிக்கொண்டிருந்தாள். வேலை முடித்துக் கிளம்பிய செல்வி அறை வாசலில் நின்று தலையைச் சாய்த்தார். அதே சாய்ப்பு. நான் பேப்பரைக் கீழே வைத்தேன்.

“என்ன?” என்றேன் மெதுவாக.

“மாமி மூச்சு சரியாயிட்டு, சார். போன மாசமே லேசாக் கீச்சுன்னு ஏற ஆரம்பிச்சிருந்துச்சே. நீங்க கேக்கலியோ?”

நான் எப்படிக் கேட்பது? இருபத்து மூன்று வருஷமாக அந்த அறையில் குறட்டை விடுவது நானல்லவா!