ராமக்காவுக்காகக் கோர்ட்டு ஏறிய தீர்த்தம்மாள்

1938ஆம் வருஷம் மாசி மாதம் ஒரு விடியற்காலையில் தீர்த்தம்மாளுக்குத் தலைப்பிரசவ வலி கண்டது. மாரண்டஹள்ளிக்குப் பக்கத்தில் ராகியும் அவரைக்காயும் போட்டுப் பிழைக்கிற குடும்பம். ஊர் மருத்துவச்சி வயிற்றைத் தடவிப் பார்த்தவள், "தலை சரியா எறங்கலை. என் கைக்கு அடங்காது. இப்பவே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போயிரு சென்றாயா" என்று சொல்லிவிட்டாள். சென்றாயன் உடனே மாட்டைப் பூட்டினான். பத்து மணி வெயில் ஏறுவதற்குள் பெண்டாட்டியைத் தாலுகா டவுனில் இருந்த ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் கொண்டுவந்து இறக்கினான்.

டாக்டர் இருந்தார். எட்டிப் பார்த்தார். "மொதல் பிரசவம் நேரமாகும்" என்று சொல்லிவிட்டுக் கோட்டை மாட்டிக்கொண்டு காரில் ஏறினார். ஒகேனக்கல் பங்களாவில் அன்றைக்கு வெள்ளைக்காரத் துரை ஒருவருக்குத் தேநீர் விருந்து. வெள்ளைக்காரச் சர்க்கார் கொடுக்கிற ராவ் சாகிப் பட்டத்துக்கு நடையாய் நடந்துகொண்டிருந்த டாக்டருக்கு, துரை கண்ணில் படுவதைவிடப் பெரிய வேலை உலகத்தில் இல்லை. நர்சையும் பூங்கொத்து கொடுக்கக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். ஆஸ்பத்திரியில் மிஞ்சியது ஆயா வேலை பார்த்த ஜான் பீ ஒருத்திதான்.

பகல் பூராவும் தீர்த்தம்மாள் துடித்தாள். சாயந்தரம் ஐந்து மணி சுமாருக்கு ஜான் பீயின் கையில் குழந்தை விழுந்தது. நீலம் பாரித்திருந்தது, அழவில்லை. ஜான் பீ வாயில் வாய் வைத்து ஊதினாள், முதுகைத் தேய்த்தாள், அல்லாவைக் கூப்பிட்டாள். வெகுநேரம் கழித்துப் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் வந்தது. டாக்டர் திரும்பி வந்தபோது விளக்கு ஏற்றியாகிவிட்டது.

குழந்தைக்கு ராமக்கா என்று பேர் வைத்தார்கள். ஒரு வயசு திரும்பியும் தலை நிற்கவில்லை. கால் இரண்டும் கத்தரிக்கோல் மாதிரி பின்னிக்கொண்டு விறைத்தன. பால் விழுங்கவே பாடுபட்டாள். ஆனால் அம்மா குரல் கேட்டால் முகமெல்லாம் சிரிப்பு. தூக்கிக்கொண்டு அதே டாக்டரிடம் போனாள் தீர்த்தம்மாள்.

"சொந்தத்துல கட்டிக்கிட்டா இப்படித்தான் பொறக்கும்" என்றார் அவர்.

"சொந்தம் இல்லீங்க. நான் பென்னாகரத்துப் பக்கம், அசலூருங்க."

"அப்போ உங்க ஊர் மருத்துவச்சி கெடுத்திருப்பா. போ, போ."

தொட்டதோடு அனுப்பிவிட்ட ஒரு கிழவியின் தலையில் பழியைப் போட்டார்! தீர்த்தம்மாளுக்கு உடம்பு பற்றி எரிந்தது. சேலத்தில் வேறொரு பெரிய டாக்டரிடம் காட்டினார்கள். அவர் நெடுநேரம் கேள்வி கேட்டார். "பொறக்கறப்போ மூச்சு முட்டி மூளை அடிபட்டிருக்கு. நேரத்துல ஆயுதம் போட்டு எடுத்திருந்தா தப்பிச்சிருக்கும்" என்றார். அதை எழுதித் தரச் சொன்னதும் பேனாவை மூடிவிட்டார்.

தருமபுரியில் சவுரியப்பன் என்று ஒரு வக்கீல் இருந்தார். மேசைக்கு மேல் ராமக்காவைக் கிடத்தி, நடந்ததைச் சொன்னாள் தீர்த்தம்மாள். சென்றாயன் கதவோரம் நின்றான். "பெரிய மனுசனோட மல்லுக்கட்ட நம்மளால ஆவுமா" என்பதுதான் அவன் பேச்சு.

"ஆவும்" என்றார் வக்கீல். "புள்ள பேர்லயே வழக்குப் போடலாம், அவளுக்குப் பதிலா நீ நிப்ப. ஏழைன்னு மனுக் குடுத்தா கோர்ட்டுக் கட்டணமும் கேக்க மாட்டாங்க. ஆனா சாட்சி வேணும்."

வழக்குப் போட்டதும் டாக்டர் தரப்பில் ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர் வந்தது. அதில் கண்டிருந்தது: நோயாளி மாலை நான்கு மணிக்கு வந்தாள், நாட்டு மருத்துவச்சி கைவைத்துக் கெடுத்த கேஸ், டாக்டர் உடனே பரிசோதித்தார். கீழே கையெழுத்து. வக்கீல் படித்துச் சொன்னபோது தீர்த்தம்மாளால் உட்கார முடியவில்லை. "அவ்ளோ பெரிய படிப்புப் படிச்சது பொய் எழுதறதுக்குங்களா?"

அவள் ராமக்காவைத் தூக்கிக்கொண்டு நேராக ஜான் பீயின் வீட்டுக்குப் போனாள். ஜான் பீ தலையைக் குனிந்துகொண்டாள். "நான் சொன்னா என் வேலை போயிடும் அக்கா." கொஞ்ச நேரம் ராமக்காவின் விறைத்த காலை நீவிவிட்டாள். பிறகு சொன்னாள்: "ஆஸ்பத்திரி முன் ரூம்ல கண்ணாடி போட்டு ஒரு படம் மாட்டியிருக்கு, பார்த்தியா? துரையோட எடுத்தது. அன்னைக்கு எடுத்த படம்தான் அது. தேதி, மணி எல்லாம் கீழ எழுதியிருக்காம். டாக்டரே வர்றவங்களுக்குப் படிச்சுக் காட்டுவாரு."

சவுரியப்பன் கோர்ட்டில் மனுப்போட்டு அந்தப் படத்தையே வரவழைத்தார்.

விசாரணையன்று எதிர்க்கட்சி வக்கீல் தீர்த்தம்மாளைக் கூண்டில் நிற்கவைத்துச் சிரித்தார். "உனக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியுமா?"

"தெரியாதுங்க."

"அப்புறம் காலையில வந்தேன்னு எப்படிச் சொல்றே?"

"நான் வண்டி விட்டு எறங்கறப்ப வாசப்படியில வெயில் ஏறிக்கிட்டு இருந்துச்சு. புள்ள பொறந்தப்ப எறங்கிப் போச்சு. ஒரு பகல் பூரா வலியில கெடந்தவளுக்கு அது எவ்ளோ நேரம்னு தெரியாதுங்களா சாமி?"

வேலை போனால் போகட்டும் என்று ஜான் பீயும் வந்து நின்றாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பார்த்ததை ஒன்று விடாமல் சொன்னாள். கடைசியில் டாக்டர் ஏறினார்.

"மாலை நாலு மணிக்கு நீங்களே பரிசோதிச்சீங்களா?" என்று கேட்டார் சவுரியப்பன்.

"ஆமாம்."

"கையெழுத்து உங்களுடையதுதானே?"

"என்னுடையதுதான்."

படம் மேசைக்கு வந்தது. "அதே தேதி, ஒகேனக்கல், மாலை நாலு மணின்னு கீழ எழுதியிருக்கு. துரைக்குப் பக்கத்துல மாலையோட நிக்கிறது யாரு?"

டாக்டர் கைக்குட்டையை எடுத்தார். தண்ணீர் கேட்டார்.

முன்சீப் கோர்ட்டு நீதிபதி தீர்ப்பு எழுதினார்: ரிஜிஸ்டர் பிற்பாடு திருத்தப்பட்டது, வலியில் கிடந்தவளை விட்டுப்போனது குற்றமான அலட்சியம், குழந்தையின் ஆயுள் முழுக்க மாதாமாதம் பராமரிப்புக்கு டாக்டர் கட்டவேண்டும். டாக்டர் சேலத்துக்கு அப்பீல் போனார். வாய்தாமேல் வாய்தா. மூன்று வருஷம், ஒவ்வொரு வாய்தாவுக்கும் தீர்த்தம்மாள் ராமக்காவை இடுப்பில் கட்டிக்கொண்டு ரயிலேறினாள். வீட்டோடு வைத்துவிட்டு வரச் சொன்னவர்களிடம், "அவ வழக்கு. அவ வரட்டும்" என்றாள். 1943இல் சேலத்திலும் அதே தீர்ப்பு நின்றது.

ஆனால் அந்த வருஷமே டாக்டருக்கு ராவ் சாகிப் பட்டமும் வந்தது. யுத்த நிதிக்கு வாரிக் கொடுத்திருந்தார். பெயர்ப்பலகைக்குப் புது வர்ணம் அடித்தார்கள். ஜான் பீக்குத்தான் வேலை போயிருந்தது. சாட்சி சொன்ன மறுநாளே, திருட்டுப் பட்டம் கட்டி விரட்டியிருந்தார்கள். அதற்கும் சவுரியப்பனிடம் போவோம் என்று தீர்த்தம்மாள் கூப்பிட்டாள். "உடம்புல தெம்பில்லை" என்று மறுத்துவிட்ட ஜான் பீ, பிரசவம் பார்க்க வீடு வீடாகப் போய்ப் பிழைத்தாள். அதை நினைக்கும்போதெல்லாம் தீர்த்தம்மாளுக்குச் சோறு இறங்காது.

விஷயம் சுற்றுப்பட்டில் பரவியது. பாலக்கோட்டிலிருந்தும் ஓசூர்ப் பக்கத்திலிருந்தும் தலை நிற்காத குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு தாய்மார் அவளைத் தேடி வந்தார்கள். 1946இல் சென்னம்மா என்று கன்னடம் பேசுகிற பெண் ஒருத்தி வந்தாள். குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு, எல்லாம் தன் கர்மம் என்று அழுதாள்.

"கர்மத்தை அப்புறம் பாக்கலாம்" என்றாள் தீர்த்தம்மாள். "எந்த ஆஸ்பத்திரி? எத்தனை மணிக்குப் போனே? கூட யார் இருந்தாங்க? ரிஜிஸ்டரைத் திருத்தறதுக்கு முன்ன நகல் கேக்கணும். நாளைக்குக் காலைல பஸ்ஸுக்கு வந்துரு. வக்கீல்கிட்ட நான் கூட்டிப் போறேன்."

எட்டு வயசு ராமக்கா பாயில் படுத்தபடி அந்தப் புதுக் குழந்தையைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தாள்.