வெள்ளையடிக்க இரண்டு மாதம்

என் அண்ணன் பொய் சொன்னார். காதோடு காதாகச் சொல்லவில்லை. தெருவின் இரண்டு முனைக்கும் கேட்கும்படி, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திச் சொன்னார். அதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு, சித்தப்பா தன் அறை வாசலில், ஆழ்துளைக் கிணறு போடும் போர் வண்டியில் ஓடித் தேய்ந்த ஒரு பிட்டைக் காலால் தள்ளிக் கதவுக்கு முட்டுக் கொடுத்தார். அந்தப் பிட் இப்போது ஓமலூரில் என் வீட்டுக் கதவோரம் இருக்கிறது. தினமும் கண்ணில் படுகிறது. தினமும் வயிறு எரிகிறது.

பிட் என்பது பாறையைத் துளைக்கும் இரும்பு. தலை பெரிய தேங்காய் அளவு இருக்கும். அதில் முத்து முத்தாகக் கெட்டி உலோகம் பதித்திருப்பார்கள். முத்தெல்லாம் தேய்ந்த பிறகு பழைய இரும்புக்குத்தான் போகும். சித்தப்பா இதை மட்டும் போட மனசில்லாமல் மத்தியப் பிரதேசத்திலிருந்து கொண்டுவந்தார். ஒரு கையால் தூக்கினால் தோள் இழுக்கும். அதற்கப்புறம் முப்பது வருஷமாக அவர் அறைக் கதவைத் திறந்த வாக்கில் நிறுத்திவைத்தது அதுதான்.

என் அப்பாவின் தம்பி அவர். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. போர் வண்டியில் வேலை. வருஷத்தில் பத்து மாதம் வடக்கே எங்காவது புழுதியில் கிடப்பார். திருச்செங்கோட்டுப் பக்கம் எங்கள் தெருவில் இருந்த வீடு அவர் சம்பாத்தியத்தில் எழும்பியது. கையெழுத்துப் போட ஆள் ஊரில் இருக்க வேண்டும் என்று பத்திரத்தை அப்பா பெயரில் போட்டார்கள். அதில் வஞ்சகம் எதுவும் இல்லை. அந்த வீட்டில் அப்போது யாருக்கும் அப்படி ஒரு நினைப்பே கிடையாது. சித்தப்பா கேட்டதெல்லாம் தெருவைப் பார்த்த ஒரே ஒரு அறை. வேலையை விட்டு வந்தபோது அவருக்குக் காது போயிருந்தது. கம்ப்ரசர் சத்தம் தின்றுவிட்டது.

அதனால் எங்கள் வீட்டில் ரகசியம் என்று ஒன்று இருந்ததில்லை. எழுத்துக் கூட்டிப் படிக்கவும் அவருக்கு வராது. எதையும் கத்தித்தான் சொல்ல வேண்டும். அவருக்கு வயிறு சரியில்லை என்றால் தெருவுக்கே தெரியும். "ராத்திரி எத்தன தடவை போனீங்க?" என்று அண்ணி கத்துவார். எதிரே மளிகைக் கடைக்காரர் தராசைப் பிடித்தபடியே, "ஓமத் தண்ணி குடுங்கம்மிணி, நின்னுரும்!" என்று பதில் கத்துவார். சித்தப்பாவுக்கு அது கேட்காது. நாங்கள் சிரிப்பதைப் பார்த்து அவரும் சிரிப்பார்.

அப்பா இறந்தபின் வீடு அண்ணனுக்கும் எனக்கும் வந்தது. தறி ஓட்டம் குறைந்து அண்ணன் நொடித்துப்போனார். விற்றே ஆக வேண்டும் என்றார். விற்றதற்காக நான் கோபப்படவில்லை என்பதை இங்கேயே சொல்லிவிடுகிறேன். வீடு செங்கல்தான். கழுத்தை நெரிக்கும்போது யாரும் விற்பார்கள். ஆனால் சித்தப்பாவிடம் சொல்லாமல் விற்றோம். அதைத்தான் நான் பேச வந்தேன்.

வீடு சுலபத்தில் போகவில்லை. முதலில் வந்தவர் ஈசானிய மூலையில் கக்கூஸ் இருக்கிறது என்று வாசலோடு திரும்பினார். இரண்டாவது ஆள் மூன்று தடவை வந்தார், மூன்று தடவையும் காப்பி குடித்தார், அப்புறம் போனை எடுக்கவில்லை. மூன்றாவதாக ஒரு குடும்பம் வந்தது. புருஷன், பெண்டாட்டி, சலவைச் சட்டை போட்ட ஒரு பையன். நானும் அன்றைக்குப் போயிருந்தேன். சித்தப்பா எட்டிப் பார்த்தார். உள்ளே போய் வெள்ளை வேட்டி மாற்றிக்கொண்டு நெற்றியில் திருநீறோடு வந்து நின்றார். அண்ணன் மகள் அப்போது கோயமுத்தூரில் படித்துக்கொண்டிருந்தாள். அவளைப் பெண் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அவராகவே முடிவு கட்டிவிட்டார்.

"வாங்க, வாங்க. மாப்ளை என்ன பண்றாருங்க?" என்றார்.

அந்தம்மா முழித்தார். "எந்த மாப்ளைங்க? நாங்க வெலைக்குப் பாக்க வந்தவங்க."

"சந்தோசமுங்க. முந்தியே ஒரு வார்த்தை சொல்லியிருந்தீங்கன்னா புள்ளைய வரச்சொல்லியிருப்போம். லீவு இல்லாத படிப்புங்க அது."

பையன் காது சிவக்கத் தரையைப் பார்த்தான். அண்ணன் வாயைத் திறந்தார். அவர் திருத்துவதென்றால் கத்தித் திருத்த வேண்டும். வந்தவர்களைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார், வாயை மூடிக்கொண்டார். அந்த இடத்தில் தொடங்கியது எல்லாம். வந்தவர் அளவெடுக்க டேப்பை நீட்டியபோது மறுமுனையைப் பிடித்தது சித்தப்பாதான். பந்தலுக்கு அளக்கிறார்கள் என்று நினைத்தார் போலிருக்கிறது. சுவரோடு சுவராக ஒட்டி நின்று, ஒரு அங்குலம் பிசகாமல் பிடித்தார். தன் அறையை அளக்கும்போதும் பிடித்தார். அவர்கள் போன பிறகு என்னிடம், "அம்மிணி, இந்த எடத்துலயே குடுத்தரலாம். மாப்ளை தல நிமிந்து ஒரு பேச்சுப் பேசல பாரு. நம்ம புள்ளைக்கு அடங்கித்தான் இருப்பான்" என்றார். நான் சிரித்துவிட்டேன். சிரித்த பாவத்துக்கு இன்றுவரை அழுகிறேன்.

சமையல்கட்டில் அண்ணனைக் கேட்டேன். "இப்பவே சொல்லீருங்கண்ணா."

"அவரே நெனச்சுக்கிட்டாரு. நாம எதுக்கு அதக் கெடுக்கோணும்? ஊட்ட விக்கறோம்னு நடுத்தெரு கேக்கக் கத்தச் சொல்றியா?"

"எத்தன நாளைக்கு மறைப்பீங்க?"

"கொஞ்ச நாளைக்குத்தான். அப்பறம் நானே சொல்றேன்."

அந்தக் குடும்பத்துக்கே வீடு முடிந்தது. ரிஜிஸ்தர் ஆபீசில் அண்ணனுக்குக் கீழே நானும் கையெழுத்துப் போட்டேன். யாரும் என் கையைப் பிடித்துப் போடவைக்கவில்லை. அண்ணன் வாடகைக்குப் பார்த்த வீட்டில் இரண்டே அறை. அதனால் சித்தப்பா என்னோடு ஓமலூருக்கு வருவது என்று நானும் அண்ணனும் பேசி முடித்தோம். அவரிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

காலி செய்த அன்று சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி வாசலில் நின்றது. சித்தப்பாவுக்கு ஒரு கட்டில், ஒரு தகரப் பெட்டி, ஒரு பிளாஸ்டிக் நாற்காலி. எதற்கு எல்லாவற்றையும் ஏற்றுகிறீர்கள் என்று கேட்டார். அப்போதுதான் அண்ணன் கத்தினார்.

"கல்யாணத்துக்கு ஊட்டுக்கு வெள்ளையடிக்கறோம்! ரெண்டே மாசம்! முடிஞ்சதும் நானே வந்து கூட்டியாரேன்!"

தெருவில் எல்லா வீட்டு வாசலிலும் ஆள் நின்றது. வீடு விற்றுப்போனது அத்தனை பேருக்கும் தெரியும். ஒருத்தர் வாய் திறக்கவில்லை. மளிகைக் கடைக்காரர் அதற்கும் ஒரு படி மேலே போய், வாயில் இரண்டு கையையும் குவித்து, "கல்யாணச் சோத்துக்கு எங்களையும் கூப்புடுங்கண்ணோ!" என்று கத்தினார். சித்தப்பாவுக்கு அது கேட்டுவிட்டது. முகமெல்லாம் சிரிப்பு. "உங்களுக்கு இல்லாமயா? மொதப் பந்தியே நீங்கதான்!" என்றார்.

வண்டிக்காரர் பிட்டைக் காட்டி, இதையும் ஏற்றவா என்று கையால் கேட்டார். "அது கெடக்கட்டும் சாமி. கதவு தொறந்து கெடந்தாத்தான் சுண்ணாம்பு காயும். நாந்தான் திரும்பி வாரனே" என்று சொல்லி, அதைக் காலால் தள்ளிக் கதவோடு நெருக்கி வைத்தார். திரும்பி வரப் போகிறவர் செய்கிற காரியம் அது.

ஓமலூரில் நான் மாவு மில் வைத்திருக்கிறேன். மெஷின் சத்தத்துக்கு மேலே இருபது வருஷமாகக் கத்திப் பேசிப் பழகிய தொண்டை. சித்தப்பாவுக்குத் தெளிவாகக் கேட்கிற ஒரே குரல் என்னுடையது. மில் ஓரத்தில் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, மாவு பறந்து புருவமெல்லாம் வெளுத்துப்போய் உட்கார்ந்திருப்பார். "ஒரு கோட்டா, ரெண்டு கோட்டா அடிக்கறாங்க?" என்பார். ரெண்டு கோட்டு என்று கத்துவேன். "தேதி குறிச்சாச்சா?" என்பார். இன்னும் இல்லை என்று கத்துவேன். அண்ணனிடம் போனில் கேட்டால், "உன்ற சத்தந்தான் அவருக்கு நல்லாக் கேக்குதே, நீயே பதமாச் சொல்லீரு" என்றார். பதமாக! மெல்லச் சொல்ல முடிகிற சங்கதியாக இருந்தால் பக்கத்தில் உட்கார்ந்து, கையைப் பிடித்துக்கொண்டு, முதல் நாளே சொல்லியிருப்பேன். இதைக் கத்தித்தான் சொல்ல வேண்டும். உங்கள் வீடு இல்லை என்று ஒரு கிழவரின் முகத்துக்கு நேரே கத்த எனக்குத் துணிச்சல் வரவில்லை. பொய்யைக் கத்த மட்டும் வந்தது.

ஒருநாள் சேலம் செவ்வாய்ப்பேட்டைக்குக் கூட்டிப்போகச் சொன்னார். கல்யாணப் பெண்ணுக்கு வெள்ளிக் கொலுசு வாங்க வேண்டுமாம். கடையில் ஒவ்வொரு ஜோடியாக எடுத்துக் குலுக்குவார். சத்தம் அவருக்குக் கேட்காது. குலுக்கிவிட்டு என் முகத்தைப் பார்ப்பார், நல்லாயிருக்கிறதா என்று. கடைக்காரர், "யாருக்குங்க கல்யாணம்?" என்று விசாரித்தார். சித்தப்பா என் பக்கம் திரும்பி, என்ன கேட்கிறார் என்றார். கடை நிறைய ஆள். "யாருக்குக் கல்யாணம்னு கேக்கறாரு! நம்ம புள்ளைக்குன்னு சொன்னேன்!" என்று அத்தனை பேருக்கு நடுவில் கத்தினேன். அண்ணன் ஒரு தெருவுக்குக் கத்தினார். நான் ஒரு கடைவீதிக்கே கத்தினேன். என்னை நான் தள்ளிவைத்துப் பேசவில்லை.

இரண்டு மாதம் முடிந்தது. அடுத்த வாரத்தில் ஒரு காலை, "சேலம் வரைக்கும் போயிட்டு வாரேன்" என்று கிளம்பினார். சாயங்காலம் விளக்கு வைக்கிற நேரத்தில் திரும்பினார். தோளில் ஒரு சாக்குப்பை. தோள் ஒரு பக்கமாகச் சரிந்திருந்தது. வாசலில் பையை இறக்கி, உள்ளேயிருந்து பிட்டை எடுத்து, என் வீட்டுக் கதவை முழுக்கத் திறந்து, அதற்கு முட்டாக வைத்தார். அந்தக் கனத்தை அந்த வயதில் பஸ் மாறிப் பஸ் மாறிச் சுமந்து வந்திருக்கிறார். சாக்குப் பட்ட இடத்தில் தோள் கன்றியிருந்தது. அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்:

"வெள்ளையடிச்சு முடிஞ்சுது, அம்மிணி."

தண்ணீர் கேட்டார். குடித்தார். அவ்வளவுதான். திட்டவில்லை. ஏன் என்று கேட்கவில்லை. அதற்குப் பிறகு தேதியைப் பற்றியும் கேட்கவில்லை. கொலுசுப் பெட்டியை மட்டும் என்னிடம் கொடுத்து, புள்ளைக்கு எப்போது ஆகிறதோ அப்போது கொடு என்றார். மில்லுக்கு வந்து உட்காருவதையும் நிறுத்திவிட்டார். நான் எதிரே போய் நின்றால் கண்ணை மூடிக்கொள்வார். காது கேட்காத மனிதர் கண்ணையும் மூடிக்கொண்டால் அவரிடம் யார் என்ன சொல்ல முடியும்? மன்னிப்புக் கேட்கக்கூட எனக்கு வழி விடவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் போய்விட்டார்.

அந்தத் தெருவில் என்ன நடந்தது என்பது மளிகைக் கடைக்காரர் சொல்லித்தான் தெரியும். இறப்புக்கு வந்திருந்தார். "மட்டமாக் கெடந்த எடத்துக்கு முன்னால ரொம்ப நேரம் நின்னாருங்க. இடிச்சவங்க அந்த இரும்ப எல்லைக்கல்லுகிட்டத் தூக்கி வெச்சிருந்தாங்க. எப்ப இடிச்சாங்கன்னு எங்கிட்டக் கேட்டாரு. நான் கைவெரலக் காட்டுனேன். ஒம்பது. நீங்க போன ஒம்பதாம் நாளுன்னு. சிரிச்சாருங்கம்மிணி. ஒரு சாக்கு இருந்தாக் குடுங்கன்னாரு. அன்னைக்கி நான் அந்தக் கேலி பேசியிருக்கக் கூடாதுங்க." அவர் அழுதார். அவராவது அழுதார்.

கருமாதி அன்று அண்ணன் சொந்தபந்தத்துக்கு நடுவில் நின்று, "கடைசி வரைக்கும் அவருக்கு எந்த மனக்கஷ்டமும் தெரியாமப் பாத்துக்கிட்டோம்" என்றார். எல்லோரும் தலையாட்டினார்கள். நான் இலையில் சோற்றைப் பிசைந்துகொண்டு பேசாமல் இருந்தேன். அதுதான் நான் கடைசியாகப் பேசாமல் இருந்தது.

இப்போது அண்ணன் மகளுக்கு நிஜமாகவே கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது. அந்தப் பிள்ளைமேல் ஒரு குற்றமும் இல்லை. மண்டபத்தில் நான் எந்தப் பேச்சும் எடுக்கமாட்டேன். கொலுசைக் கொண்டுபோய், யார் வாங்கியது என்று சொல்லி, அவள் கையில் கொடுப்பேன்.

ஆனால் அண்ணா, பத்திரிகை வைக்க நீங்கள் அந்தத் தெருவுக்குப் போவீர்கள். வீடு வீடாக வெற்றிலை பாக்கோடு ஏறி இறங்குவீர்கள். அன்றைக்கு நானும் வருகிறேன். இந்தப் பிட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, நம் வீடு இருந்த இடத்துக்கு முன்னால், அவர் கதவு இருந்த நேருக்கு வைக்கிறேன். அதன் பக்கத்தில் நின்று பதில் சொல்லுங்கள். யார் கட்டிய வீடு அது? இரண்டு மாதம் என்று ஏன் சொன்னீர்கள்? நானே சொல்கிறேன் என்றீர்களே, என்றைக்குச் சொல்வதாக இருந்தீர்கள்? எனக்குத் தனியாகப் போனில் சொல்ல வேண்டாம். அன்றைக்குக் கேட்ட அதே தெரு கேட்க வேண்டும். அன்றைக்குக் கத்திய அதே சத்தத்தில் சொல்லுங்கள். நீங்கள் முடித்ததும் நான் கத்துகிறேன், என் பங்கை.