எண்ணி வாங்கிய பலகைகள்

வெள்ளம் வந்தால் கதவைத் திறக்கச் சொல்லி ஆயிரம் பேர் புத்தி சொல்ல வருவார்கள். மூடச் சொல்லி ஒருவரும் வருவதில்லை. தடுப்பணையில் தொழில்நுட்ப உத்தியோகத்தராக இருந்து இத்தனை மாரிகளில் நான் கண்டது இதுதான். திறப்பதில் என்ன கெட்டித்தனம்? மழைத் தண்ணீர் தன்பாட்டில் கடலுக்கு ஓடும். அது வடிந்து முடிகிற நேரம் பார்த்து, கடல் பெருகி உள்ளே வருவதற்கு முன் மூட வேண்டும். அரை நாள் பிந்தினால் உப்பு வயலுக்குள் ஏறிவிடும். நான் ஒருநாளும் பிந்தியதில்லை. அதைப் பெருமையாகவே சொல்வேன்.

கோப்பாய்க்குக் கிழக்கே நீளும் கடல்நீரேரியின் ஓரத்தில் ஓர் அக்காவுக்குப் பத்துப் பரப்பு வயலும் ஒரு கிணறும் இருந்தன. கணவர் இல்லை, தனியாகத்தான் செய்தார். பல வருடங்களாக உப்புப் படிந்து புல்லும் முளைக்காமல் கிடந்த நிலம் அது. தடுப்பணையைத் திருத்தி ஒழுங்காக மூடத் தொடங்கிய பிறகு கொஞ்சம் கொஞ்சமாக உவர் கழுவுண்டு, நான் சொல்லப்போகும் மாரியில்தான் முதன்முதலாக விதைத்திருந்தார். கிழமைக்கு ஒருதரம் கிணற்றுத் தண்ணீரை ஒரு சோடாப் போத்தலில் கொண்டுவந்து என் மேசையில் வைப்பார்.

"பிள்ளை, குடிச்சுப் பாரும்."

என்னிடம் உப்பை அளக்கும் கருவி இருந்தது. அதெல்லாம் அவருக்குச் சரிவராது. நான் குடிக்க வேண்டும், என் முகத்தை அவர் பார்க்க வேண்டும்.

இனி என் பிழைக்கு வருகிறேன். தடுப்பணைக் கதவுகள் இரும்பு. ஏதாவது ஒன்று இறுகிப்போனால் அதற்கு முன்னால் போட்டு அடைப்பதற்கு, தூண்களில் வெட்டிய காடிப் பள்ளத்தில் சறுக்கி இறக்கும் தடித்த மரப்பலகைகள் பன்னிரண்டு வைத்திருந்தோம். கோடையில் அவை கொட்டிலில் சும்மா கிடக்கும். தெற்குக் கரை மீனவர்களின் தேவாலயப் பங்கில் பெருநாளுக்குக் கூத்துப் போடுகிறவர்கள், ராசாமார் மிதித்து ஆடத் தாங்கும் மேடைக்கு அந்தப் பலகைகளைக் கேட்டார்கள். தலைமைக் காரியாலயத்தில் எழுத்தில் அனுமதி கேட்டிருந்தால் அடுத்த பெருநாளும் போயிருக்கும். எனக்கும் கூத்து என்றால் பைத்தியம். கொடுத்தேன். முன்வரிசையில் கதிரை போட்டுத் தந்தார்கள், விடியும்வரை இருந்து பார்த்தேன். பெருநாள் முடிந்த மறுநாளே பலகைகளைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்தார்கள். எண்ணினேன். பன்னிரண்டும் இருந்தன.

மாரி வந்தது. நாலு நாள் மழைக்குக் கதவு எல்லாம் திறந்தோம். ஐந்தாம் நாள் காலை வெள்ளம் வடிந்து, உள்ளும் புறமும் தண்ணீர் ஒரே மட்டத்துக்கு வந்தது. பின்னேரம் கடல் பெருகும். ஒவ்வொன்றாக இறக்கினோம். கடைசிக் கதவு பாதியில் நின்றுவிட்டது. வெள்ளத்தில் வந்த பனங்குற்றி ஒன்று அடித்து கதவு ஏறி இறங்கும் தண்டவாளத்தை வளைத்திருந்தது.

நான் பதறவில்லை. "பலகையைப் போடுங்கோ" என்று வேலையாட்கள் இருவரிடமும் சொன்னேன். மூன்று பலகைகள் சுகமாக இறங்கின. நாலாவது ஒரு பக்கம் காடியில் நிற்க, மறுபக்கம் தொபுக்கென்று தண்ணீருக்குள் விழுந்தது. அடுத்ததும் அப்படித்தான். விழுந்த இரண்டையும் இழுத்தெடுத்து, மிச்சத்தோடு நிலத்தில் போட்டு அளந்தோம். எட்டுப் பலகைகள் ஒரு சாண் நீளம் குறைந்து கட்டையாக இருந்தன. 

கூத்துக்குப் பலகை வாங்கிய மீனவர் சங்கத் தலைவருக்குப் போன் எடுத்து, பலகைகளை வெட்டினீர்களா என்று கேட்டேன்.

"ஓம் மிஸ், பலகை மேடைக்கு வெளியிலை நீட்டிக்கொண்டு நிண்டது. ராசா தடக்கி விழுந்திடுவார் எண்டு வள்ளம் கட்டுற ஓடாவியார் வாளாலை அரிஞ்சவர். ஏன் மிஸ்?"

ஏனென்று சொன்னேன். 

"ஓடாவியாரையும் ஏத்திக்கொண்டு வாறம்" என்றார்.

அந்த வாசல் திறந்து கிடந்தால் ஓட்டத்தோடு இறால் குவியும், அவர்களுக்கு நல்ல தொழில். எனக்கு அது தெரியும், அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். ஆனாலும் இரண்டு வள்ளங்களில் வந்தார்கள்.

அதற்குள் வயல்கார அக்காவும் சைக்கிளில் வந்து இறங்கிவிட்டார். "ஆரின்ரை பிழை?" என்று கேட்டார்.

"என்ரை பிழை அக்கா. நான் எண்ணித்தான் வாங்கினனான், அளக்கேல்லை."

அவர் உடனே சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு உரப்பையில் மண் அள்ளத் தொடங்கினார்.

மரத்தை அரிந்த ஓடாவியாரே வழியும் சொன்னார். "கிடையாய் நிக்காட்டில் குத்தாய் நிப்பாட்டுவம்." மிஞ்சியிருந்த நல்ல பலகையை மேலே குறுக்காகக் காடியில் இறுக்கினோம். கட்டைப் பலகைகளைக் கடல் பக்கமாக, அடிப்பலகையிலும் மேற்பலகையிலும் சாய்ந்து நிற்கும்படி நெருக்கமாக நிறுத்தினோம். அதன்மேல் தார்ப்பாய்ப் படங்கை விரித்து, அடியில் மண்மூட்டை அடுக்கினார்கள். கழுத்தளவு தண்ணீரில் நின்று அவர்கள் முடிக்கவும் கடல் பெருகத் தொடங்கவும் சரியாக இருந்தது. பெருகிய தண்ணீரே பலகைகளைத் தள்ளி இறுக்கியது. அங்கங்கே கசிந்தது, அவ்வளவுதான். எனக்கு அழுகை வந்தது, மழைக்கோட்டின் கையால் துடைத்துக்கொண்டேன்.

தலைமைக் காரியாலயத்துக்கு நடந்ததை நடந்தபடி எழுதினேன். திட்டு விழுந்தது, வாங்கிக்கொண்டேன். அதைவிட அடுத்த கிழமை அந்தப் போத்தலுக்குத்தான் பயந்தேன்.

அக்கா வந்தார். வைத்தார்.

"நான் இன்னும் வாயிலை வைக்கேல்லை. நீர் முதல் குடியும்."

குடித்தேன். ஒரு வாய் போதும், ஆனால் பாதிப் போத்தல் குடித்தேன்.

"நல்ல தண்ணி அக்கா" என்றேன்.

அவர் என் முகத்தை வழக்கத்தைவிடக் கூடுதல் நேரம் பார்த்தார். பிறகு போத்தலை வாங்கி மிச்சத்தைத் தானே குடித்து முடித்தார். எழும்பிப் போகும்போது கைப்பைக்குள்ளிருந்து, சட்டை தைக்கிறவர்கள் வைத்திருக்கும் அளவு நாடா ஒன்றை எடுத்து மேசையில் வைத்தார்.

"வாற வருசமும் கூத்துக்குக் கேப்பாங்கள். நீரும் குடுப்பீர்" என்றார். "திருப்பிக் கொண்டுவாற அண்டைக்கு எனக்குச் சொல்லும். நான் வந்து அளக்கிறன்."