தேசிகன் சார் வெளியே விடாத புத்தகங்கள்

செவ்வாய்க்கிழமை கடைசிப் பீரியடில் எங்கள் நூலகர் தேசிகன் சார் காலமான செய்தி சுற்றறிக்கையாக வகுப்புக்கு வந்தது. 'நூல்களின் நண்பர்' என்று தலைமையாசிரியை அதில் எழுதியிருந்தார். இரண்டு நிமிடம் எழுந்து நின்றோம். எனக்கு அழுகை வரவில்லை. நான் மாணவ நூலகர் என்பதால், பள்ளியின் கையெழுத்து இதழில் அஞ்சலி எழுதும் வேலை என்னிடம் வந்திருக்கிறது. அவரை அறிந்தவர்களே இதைப் படிப்பீர்கள். ஆகவே உள்ளதை மட்டும் எழுதுகிறேன்.

அவர் நூல்களின் நண்பர் அல்ல, காவல்காரர். அலமாரிச் சாவியைப் பூணூலில் முடிந்து வைத்திருந்தார். அதை எடுக்கச் சட்டைப் பொத்தானைக் கழற்ற வேண்டும். பெண்கள் பள்ளியில் யார் அதைக் கேட்பார்கள்? ஆறாம் வகுப்பு முதல் நான் அலமாரிக் கண்ணாடிக்கு வெளியே நின்று புத்தக முதுகுகளைப் படித்தவள். ஒருமுறை துணிந்து கேட்டேன். "பூட்டு இருந்தாத்தாம்மா அது லைப்ரரி. இல்லேன்னா பழைய பேப்பர் கடை" என்றார். ஆசிரியைகள் இதை ஒரு பெரிய கருத்தாக எல்லோரிடமும் சொல்லிச் சிரித்தார்கள். என்னை மாணவ நூலகர் ஆக்கியதும் படிப்பதற்காக அல்ல, இருப்புப் பதிவேட்டை அழகான கையெழுத்தில் படியெடுப்பதற்காக.

வட்டார நூலகர் சங்கத்துக்கும் அவரே செயலாளர். மாணவ நூலகர்களையும் சங்கத்தில் சேர்க்கப் போவதாக அறிவிப்பு வந்தது. நானும் கும்மிடிப்பூண்டிப் பள்ளியின் மாணவ நூலகர் எஸ்தரும் சேர்ந்தோம். இருவரும் ஒரு திட்டம் போட்டோம். எங்கள் பள்ளிகளில் உள்ள ஒவ்வொரு புத்தகத்துக்கும் ஓர் அட்டை எழுதுவது. அதைப் பார்த்து மற்றப் பள்ளிகள் வேண்டியதைக் கேட்டு வாங்கலாம், தங்களிடம் உள்ளதைத் தரலாம். சார்ட் காகிதத்தை வெட்டி, இருப்புப் பதிவேட்டைப் பார்த்துத் தீபாவளியிலிருந்து பொங்கல் வரை எழுதினோம். கட்டைக் கொண்டுபோய்க் கொடுத்ததும், "குடும்மா, ஆண்டுக் கூட்டத்துல வெச்சுப் பேசலாம்" என்றார் சார். நான் நம்பினேன்.

கூட்டம் திருவள்ளூரில் ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. நூலகர்களாகச் சேர்ந்த எங்கள் இருவருக்கும் தரப்பட்ட பணி, வாசலில் பன்னீர் தெளிப்பது. உள்ளே எட்டிப் பார்த்தபோது ஒவ்வொருவர் நெஞ்சிலும் பெயர் அட்டை தெரிந்தது. கிட்டப் போய்ப் பார்த்தேன். அவை எங்கள் அட்டைகள். பின்பக்கத்தில் விருந்தினரின் பெயரையும் ஊரையும் சிவப்பு மையில் எழுதி, புத்தக விவரம் சட்டையோடு ஒட்டியிருக்கும்படி குண்டூசி குத்தியிருந்தார் சார். கேட்டதற்கு, "இன்னாம்மா, ஒரு பக்கம் காலியாத்தானே இருந்துச்சு" என்றார். எங்கள் கட்டிலிருந்து உருவிய அறுபது அட்டைகள். அவர் முகத்தில் ஒரு வருத்தமும் இல்லை.

சிறப்பு விருந்தினர் அவரைப் புகழ்ந்துகொண்டிருந்தபோது, ஆர்.கே.பேட்டை நூலகர் முனிரத்தினத்தை ஊசி குத்திவிட்டது. அட்டையைக் கழற்றித் திருப்பிப் பார்த்தவர், நேராக வாசலுக்கு எங்களிடம் வந்தார். யாரோ எங்கள் பள்ளிக்குத் தானமாகக் கொடுத்த, ஒரு பெண்ணும் தொடாத, பம்புசெட் பழுது பார்க்கும் புத்தகத்தின் அட்டை அது.

"ஏம்மா, இது மெய்யாலுமே உங்ககிட்ட கீதா? எங்க ஊர்ப் பசங்க ரெண்டு வருசமா கேட்டுக்கினு கீறானுங்க."

இருக்கிறது, அனுப்புகிறோம் என்று நான் வாக்குக் கொடுத்துவிட்டேன். அதற்குள் பக்கத்தில் இருந்தவர்களும் தங்கள் நெஞ்சைத் திருப்பிப் படிக்க ஆரம்பித்தார்கள். பிறகு அடுத்தவர் நெஞ்சை. மேடையிலிருந்து சார் உட்காரச் சொல்லிக் கத்தினார், யாரும் கேட்கவில்லை. எஸ்தரும் நானும் ஒவ்வொருவரிடமும் போய் அட்டையைத் திரும்ப வாங்கினோம். வாங்கும்போதே ஊரையும் தேவையையும் கேட்டுக்கொண்டோம். 'செயலாளர் கையாண்ட புதிய அறிமுக முறை' என்று ஆண்டறிக்கையில் பிறகு எழுதிக்கொண்டவர் தேசிகன் சார்தான்.

அதன்பின் ஐந்து பள்ளிகளின் புத்தகங்கள் ரயிலிலும் பஸ்ஸிலும் போய்வருகின்றன. எங்கள் பள்ளியிலிருந்து ஒன்றும் போகவில்லை. முனிரத்தினம் மூன்று பஸ் மாறித் தாமே வந்தார். சார் அவருக்குக் காபி வரவழைத்துக் கொடுத்துவிட்டு, "அது ரெஃபரன்ஸ், வெளிய போவாது" என்று அனுப்பிவிட்டார். வாயில் வரை கூடப்போன என்னால் அவரை நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"வுடும்மா," என்றார் முனிரத்தினம். "சாவும்போது எல்லாத்தையும் தூக்கிக்கினு போவட்டும் உங்க சாரு."

அவர் தூக்கிக்கொண்டு போகவில்லை. ஆனால் நம் பள்ளி அந்தக் குறையைத் தீர்க்கப் பார்க்கிறது. அலமாரியின் மேல் அவர் படத்தை மாட்டி, அவர் நினைவாக அதைப் பூட்டியே வைக்கப் போகிறார்களாம். தூசி தட்டுவதற்காக நேற்று ஒரு மணி நேரம் சாவியை என்னிடம் கொடுத்தார்கள்.

அவரிடமிருந்து நான் வைத்துக்கொள்வது சிவப்பு மையில் எழுதிய அறுபது பெயர்களை. அழகான கையெழுத்து, அதை மறுக்க மாட்டேன். அவற்றில் ஒன்றைப் பார்த்துத்தான் நேற்று விலாசம் எழுதினேன். இரவல் பதிவேட்டில் முதல் பக்கமே வெறுமையாக இருந்தது. முதல் வரியில் பம்புசெட் புத்தகத்தையும், முனிரத்தினத்தின் பெயரையும், தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். புத்தகம் மாலையிலேயே பஸ் ஏறிவிட்டது. படத்திறப்புக்கு வருகிறவர்கள் மூன்றாவது தட்டில் ஓர் இடைவெளியைப் பார்ப்பீர்கள். யாரையும் விசாரிக்க வேண்டாம். எடுத்தவள் நான்தான்.